பழைய காருக்குப் பட்டன் ஸ்டார்ட்: பொருத்துமுன் ஒரு வார்த்தை



வரி, உரிமம், எடையளவு முத்திரை என்று எழுதிப் பழகிய நாம் இம்முறை கடை வாசலில் நிற்கும் காரைப் பற்றி எழுத வந்திருக்கிறோம். மளிகை மண்டிக்காரருக்குக் கார் சமாச்சாரத்தில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு சின்னப் பட்டனால் நமது மண்டி வாசலில் ஓர் உயிர் போக இருந்தது. நம்மில் பலர் பத்து, இருபது வருடத்துப் பழைய வண்டியை வைத்துக்கொண்டுதான் தொழில் செய்கிறோம். அந்த வண்டிக்குப் புது வண்டியைப் போல பட்டன் ஸ்டார்ட் போட்டால் என்ன என்ற ஆசை இப்போது பலருக்கும் வருகிறது. ஆசை தவறில்லை. அதில் நாம் பட்டதைச் சொன்னால் நாலு பேருக்கு உதவும் என்பதால் எழுதுகிறோம்.

ஹேண்டில் காலம்

1979-இல் பள்ளிப் படிப்பு முடிந்ததும் முசிறியில் தந்தையாரின் மண்டியில் வந்து உட்கார்ந்தோம். கொள்முதலுக்குத் திருச்சி காந்தி மார்க்கெட் போக வேண்டும். வாடகைக்கு ஓர் அம்பாசிடர் கார் வரும். குணசீலம், வாத்தலை, நொச்சியம் வழியாகச் சுமார் 40 கிலோமீட்டர் பயணம். மார்கழி விடியற்காலையில் அந்த வண்டியின் செல்ஃப் எடுக்காது. டிரைவர் இறங்கி, முன்புறத் துவாரத்தில் இரும்பு ஹேண்டிலைச் செருகிச் சுற்றுவார். ஒருநாள் நாமும் சுற்றிப் பார்க்கிறோம் என்று கையை வைத்தோம். உடனே அதட்டினார்: "தம்பி, கட்டை விரலை மடக்கிப் பிடிக்காதீங்க. மத்த விரலோட சேர்த்து ஒரே பக்கமா வைங்க. என்ஜின் திருப்பி அடிச்சா விரல் போயிடும்."

அன்று அது நமக்கு விளையாட்டாகத் தெரிந்தது. ஆனால் உலகம் முழுவதும் அந்த ஹேண்டில் திருப்பி அடித்து விரலும் மணிக்கட்டும் உடைந்தவர்கள் ஏராளம். அந்தத் தொல்லையைத் தீர்க்க வந்ததுதான் செல்ஃப் மோட்டார்.

கல்லாப் பெட்டியிலிருந்து வந்த யோசனை

இதில் வணிகர்களாகிய நாம் பெருமைப்பட ஒரு செய்தி உண்டு. செல்ஃப் மோட்டாருக்கு வழிகாட்டியது கடைகளில் இருக்கும் கல்லா இயந்திரம். அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்து டேட்டன் நகரில் நேஷனல் கேஷ் ரிஜிஸ்டர் என்ற நிறுவனம் கல்லா இயந்திரங்களைச் செய்து வந்தது. அங்கே வேலை பார்த்த சார்லஸ் கெட்டரிங் என்ற பொறியாளர், கையால் சுற்ற வேண்டியிருந்த கல்லா இயந்திரத்துக்குச் சிறு மின் மோட்டாரை வைத்துக் கொடுத்தார். கல்லா ஒரு நொடியில் திறந்துவிடும். மோட்டார் நாள் முழுவதும் ஓட வேண்டியதில்லை. ஆகவே சிறிய மோட்டாருக்குள் அதிக மின்சாரத்தைக் கொஞ்ச நேரம் மட்டும் செலுத்திப் பெரிய வேலையை வாங்கலாம் என்பது அவர் கண்ட உண்மை.

அதே உண்மையைக் கொண்டு 1911-இல் அவர் காருக்கு மின்சார ஸ்டார்ட்டர் செய்தார். 1912-ஆம் ஆண்டு மாடல் காடிலாக் கார்களில் அது பொருத்தப்பட்டு வந்தது. ஹேண்டில் மெல்ல மெல்ல மறைந்தது. நமது தமிழ்நாட்டிலும் 1961-இல் தொடங்கப்பட்ட லூகாஸ் டி.வி.எஸ். நிறுவனம் சென்னை பாடியில் செல்ஃப் மோட்டார்களைச் செய்து வருகிறது.

கெட்டரிங் கண்ட அந்த உண்மையை இன்றும் மறக்கக் கூடாது. செல்ஃப் மோட்டார் சில நொடி வேலைக்காகவே செய்யப்பட்டது. சிறிய பெட்ரோல் காரிலேயே அது கிளம்பும் நேரத்தில் நூறு ஆம்பியருக்குக் குறையாமல் இழுக்கும். வண்டி கிளம்பவில்லை என்று விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தால் பேட்டரியும் போகும், மோட்டாரும் கருகும். பத்து நொடிக்கு மேல் அழுத்தக் கூடாது. அரை நிமிடம் விட்டுத்தான் மறுபடி முயல வேண்டும். சாவியானாலும் பட்டனானாலும் இதுதான் விதி.

பட்டன் முந்தியது, சாவி பிந்தியது

பட்டன் ஸ்டார்ட்டைப் புதுமை என்று நினைக்கிறோம். உண்மையில் பட்டன்தான் மூத்தது. அந்தக் காலத்துக் கார்கள் பலவற்றில் சாவியைத் திருப்பினால் மின் இணைப்பு மட்டும் வரும். செல்ஃப் அடிக்கத் தனியாக ஒரு பட்டனை அழுத்த வேண்டும், அல்லது ஒரு குமிழை இழுக்க வேண்டும். இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் ஜீப்பில் அது காலடியில் இருந்தது. காலால் மிதித்துக் கிளப்புவார்கள். சாவியைத் திருப்பினாலே என்ஜினும் கிளம்பும் முறையை அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனம் 1949-இல் கொண்டு வந்தது. பிறகு அதுவே எங்கும் வழக்கமாயிற்று. 1998-இல் மெர்சிடஸ் பென்ஸ் நிறுவனம் சாவியைச் செருகவே வேண்டாத ஏற்பாட்டைத் தன் பெரிய கார்களில் கொடுத்தது. அந்த வசதிதான் இன்று நடுத்தரக் கார்களுக்கும் வந்து, நமது பிள்ளைகள் கண்ணில் பட்டிருக்கிறது.

நமது வீட்டிலும் அப்படித்தான் தொடங்கியது.

நமக்கு நேர்ந்தது

நம்மிடம் இருப்பது 2004-ஆம் ஆண்டு மாருதி 800. பதினைந்து வருடம் முடிந்து பதிவைப் புதுப்பித்தும் வைத்திருக்கிறோம். நாற்பது வருடம் மூட்டையில் குத்தூசி குத்திச் சரக்குப் பார்த்த வலது கை இது. இப்போது கட்டை விரல் மூட்டில் வலி. சாவியைக் கடைசி வரை முறுக்கிப் பிடிக்கும்போது உயிர் போகிறது. இதைப் பார்த்த மகன், "ஏம்ப்பா இன்னும் முறுக்கிக்கிட்டு? ஒரு பட்டன் போட்டுட்டா தொட்டா கிளம்பும்" என்றான்.

திருச்சியில் ஒரு கடையில் 6,500 ரூபாய்க்கு ஒரு செட் வாங்கிப் பொருத்தினோம். பட்டன், ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி, சட்டைப் பையில் வைத்துக்கொள்ள ஒரு ரிமோட். ரிமோட் பக்கத்தில் இருந்தால் பட்டன் வேலை செய்யும். ஸ்டியரிங் பூட்டு இடைஞ்சல் என்று பொருத்தியவர் அதன் ஊசியைக் கழற்றிப் போட்டார். பிறகு நம்மிடம் கேட்டார்: "பிரேக்கை மிதிச்சு அழுத்தினாத்தான் கிளம்புறமாதிரி கம்பெனியில சொல்லியிருக்கான். வேணாம்னா நேராவே போட்டுத் தர்றேன், ஐயா." நாம் என்ன சொன்னோம் தெரியுமா? "காலு கையெல்லாம் வேணாம். நேராவே போட்டுடுங்க."

அந்த வார்த்தையை நாம்தான் சொன்னோம். அதை மறைத்து எழுத மனம் ஒப்பவில்லை.

2024-ஆம் ஆண்டு ஆடிப்பெருக்குக்கு முதல் நாள். காப்பரிசிக்கு வெல்லமும் அரிசியும் வாங்கச் சில்லறைக் கடைக்காரர்கள் காலையிலிருந்தே நின்றார்கள். கார் மண்டி வாசலை ஒட்டி, முன்பக்கம் வெல்லச் சிப்பங்களைப் பார்த்தபடி நின்றது. நமது வண்டியில் கைப்பிரேக் கொஞ்சம் தளர்ச்சி. ஆகவே முதல் கியரில் போட்டு நிறுத்துவது நம் பழக்கம். கண்ணாடி இறங்கியிருந்தது. ரிமோட் நமது சட்டைப் பையில். நாம் கல்லாவில். காருக்கும் கல்லாவுக்கும் நாலு எட்டுத்தான் தூரம்.

தாத்தையங்கார்பேட்டைப் பக்கத்துக் கடைக்காரர் ஒருவர் தம் பேரனை அழைத்து வந்திருந்தார். ஏழு வயதுப் பையன். கதவைத் திறந்து ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்திருக்கிறான். நீல நிறத்தில் மினுக்கும் பட்டனைப் பார்த்தால் எந்தப் பிள்ளைக்கும் கை சும்மா இருக்குமா? அழுத்தினான். ரிமோட் பக்கத்திலேயே இருந்ததால் பட்டன் வேலை செய்தது. கிளட்ச் மிதிக்காமல், கியரில் நின்ற வண்டி, செல்ஃப் அடித்த வேகத்தில் துள்ளி முன்னே பாய்ந்தது. என்ஜினும் பிடித்துக்கொண்டது.

சிப்பத்தை அடுக்கிக்கொண்டிருந்த லோடுமேன் ஒருவர், அடுத்த சிப்பத்தை எடுக்க அந்த நொடிதான் திரும்பி இரண்டு எட்டு வைத்திருந்தார். அவர் நின்ற இடத்தில் கார் மோதியது. பதினொரு சிப்பம் சரிந்து வெல்லம் உடைந்து மண்ணாயிற்று. வண்டி சிப்பத்தில் முட்டி என்ஜின் அடைத்து நின்றது. பையனுக்கு நெற்றியில் சிறு வீக்கம். வேறொன்றுமில்லை.

வெல்லக் கணக்கைப் பற்று எழுதிவிட்டோம். அந்த லோடுமேன் நம்மிடம் இருபத்திரண்டு வருடமாக வேலை செய்கிறவர். அன்று மாலை கூலி வாங்கும்போது, "விடுங்க முதலாளி, எனக்கு இன்னும் நாள் இருக்கு" என்று சிரித்தார். நம்மால் சிரிக்க முடியவில்லை.

சாவி செய்த மூன்று வேலை

மறுவாரம் நமது ஊரிலேயே ஒரு பழைய ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் வண்டியை விட்டோம். அவர் எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அண்ணே, சாவிங்கிறது ஒரு ஆள் இல்லை, மூணு ஆள். நீங்க மூணு பேரையும் வேலையை விட்டு அனுப்பிட்டு ஒரு சின்னப் பையனைக் கடையில உட்கார வச்சிருக்கீங்க."

அவர் சொன்னதை நமது கணக்கு முறையிலேயே சொல்கிறோம். சாவி மூன்று வேலை செய்கிறது. ஒன்று, ஸ்டியரிங்கைப் பூட்டித் திருட்டைத் தடுக்கிறது. இரண்டு, வண்டிக்கு மின்சாரம் போகலாமா கூடாதா என்று முடிவு செய்கிறது. சாவி நம் இடுப்பில் இருந்தால் வண்டி வெறும் இரும்பு. மூன்று, செல்ஃப் அடிக்கிறது. பட்டன் செய்வது மூன்றாவது வேலையை மட்டும்தான். முதல் இரண்டு வேலையையும் யார் செய்வது என்று கேட்காமல் சாவியைத் தூக்கி எறிந்தால் கணக்கு எப்படி நேராகும்?

கம்பெனியிலேயே பட்டனோடு வரும் புது வண்டியில் இந்த மூன்றுக்கும் ஏற்பாடு உண்டு. கியர் வண்டியானால் கிளட்சை மிதித்தால்தான் கிளம்பும். ஆட்டோமேட்டிக் ஆனால் பிரேக்கை மிதிக்க வேண்டும். ஓடும்போது கை தவறிப் பட்டனில் பட்டால் என்ஜின் உடனே நின்றுவிடாது. நீளமாக அழுத்தினாலோ, திரும்பத் திரும்ப அழுத்தினாலோதான் நிற்கும். சந்தையில் கிடைக்கும் மலிவான செட் எல்லாவற்றிலும் இதை எதிர்பார்க்க முடியாது. இருக்கிற பாதுகாப்பையும் நம்மைப் போன்றவர்கள் கேட்டு எடுக்கச் சொல்லிவிடுகிறோம்.

திருத்திப் பொருத்திய முறை

அந்த எலக்ட்ரீஷியன் செட்டைக் கழற்றிவிட்டு, அந்தக் காலத்து முறையிலேயே செய்து கொடுத்தார். ஸ்டியரிங் பூட்டைப் பழையபடி போட்டார். சாவி இருக்கிறது. சாவியை மின் இணைப்பு வரும் இடம் வரை திருப்ப வேண்டும். அதற்குப் பலம் தேவையில்லை. வலி எடுப்பது அதற்கு மேல் ஸ்பிரிங்கை எதிர்த்து முறுக்கிப் பிடிக்கும் கடைசி இடத்தில்தான். அந்த வேலையை மட்டும் பட்டனுக்குக் கொடுத்தார். 1999-இல் வந்த ஹோண்டாவின் எஸ் 2000 என்ற வேகக் காரிலேயே சாவியைத் திருப்பி, பிறகு பட்டனை அழுத்தும் முறைதான் என்பதைப் பிற்பாடு அறிந்தோம்.

பட்டனில் நேராகச் செல்ஃப் மின்சாரத்தை விடவில்லை. இடையில் ஒரு ரிலே வைத்தார். முதலாளி சீட்டு எழுதிக் கொடுக்க, லோடுமேன் மூட்டையைத் தூக்குவது போல. பட்டன் சிறு மின்சாரத்தில் கட்டளை மட்டும் கொடுக்கும், கனத்தை ரிலே தாங்கும். ரிலேக்கு முன்னால் ஒரு ஃபியூஸ். எல்லாவற்றையும்விட முக்கியமாக, கிளட்ச் மிதியின் அடியில் ஒரு சிறு சுவிட்ச். கிளட்சை முழுதாக மிதித்தால் அன்றிப் பட்டன் வேலை செய்யாது. கியரில் நின்றாலும் இனித் துள்ளாது. கைப்பிரேக்கையும் அன்றே சரி செய்தோம். கூலியோடு சேர்த்து 1,850 ரூபாய். முதலில் கொடுத்த 6,500 ரூபாயை அனுபவக் கணக்கில் எழுதினோம்.

இப்போது கை வலிக்கவில்லை. சாவி பையில் இருக்கிறது. பட்டனுக்கு விளக்கும் இல்லை, மினுக்கும் இல்லை.

பொருத்துமுன் கேட்க வேண்டியவை

பட்டன் போட நினைக்கும் வணிகர்கள் எலக்ட்ரீஷியனிடம் இவற்றைக் கேட்டுவிட்டுக் காசைக் கொடுங்கள்.

1. கிளட்ச் மிதிக்காமல் அழுத்தினால் கிளம்புமா? கிளம்பும் என்றால் வேண்டாம். பொருத்திய பின், வெட்ட வெளியில் வண்டியை நிறுத்தி, முன்னும் பின்னும் ஆள் இல்லாதபோது, கைப்பிரேக் போட்டு நியூட்ரலில் வைத்து, கிளட்ச் மிதிக்காமல் நீங்களே அழுத்திப் பாருங்கள்.

2. ஸ்டியரிங் பூட்டை என்ன செய்யப் போகிறீர்கள்? கழற்றுவேன் என்றால் வேண்டாம். பூட்டை வைத்துக்கொண்டு சாவியை மட்டும் எடுத்துவிட்டு ஓட்டுவதும் ஆபத்து. வளைவில் பூட்டு விழுந்தால் வண்டி நம் சொல் கேட்காது.

3. ஓடும்போது பட்டனில் கை பட்டால் என்ன ஆகும்? என்ஜின் நிற்குமானால் பிரேக் பூஸ்டர் உள்ள வண்டியில் சீக்கிரமே பிரேக் கல்லாகிவிடும். என்ஜின் ஓடும்போதே செல்ஃப் அடித்தால் பல் சக்கரம் தேயும். ஆகவே பட்டன் கை தவறிப் படாத இடத்தில் இருக்க வேண்டும்.

4. ரிலே, ஃபியூஸ் உண்டா? பழைய வயரை அறுத்து முறுக்கி டேப் சுற்றுவதை ஒத்துக்கொள்ளாதீர்கள். காரில் தீப்பிடிக்க ஒரு தளர்ந்த இணைப்புப் போதும். சரக்கோடு நிற்கும் வண்டி, பக்கத்தில் சாக்குக் குவியல் என்றால் சொல்லவே வேண்டாம்.

5. ரிமோட் முறைதான் வேண்டும் என்றால், அதன் பேட்டரி தீர்ந்தால் வண்டியைக் கிளப்ப மாற்று வழி என்ன? எவ்வளவு தூரத்தில் ரிமோட் இருந்தால் பட்டன் வேலை செய்கிறது? கல்லாவில் உட்கார்ந்தே அளந்து பாருங்கள்.

6. பழைய டீசல் வண்டியா? அவற்றில் பலவற்றை நிறுத்த டீசலைத் தடுக்கும் கம்பியை இழுக்க வேண்டும். மின்சாரத்தை நிறுத்தினால் மட்டும் என்ஜின் நிற்காது. பட்டனால் கிளப்பலாம், நிறுத்துவதற்குத் தனி ஏற்பாடு வேண்டும்.

பட்டனே வேண்டாம், கை வலிதான் தொல்லை என்பவர்கள் சாவியின் தலைக்கு நீளமான ஒரு பிடி போட்டுப் பாருங்கள். பாதி வலி அதிலேயே குறையும்.

சட்டமும் இன்சூரன்சும்

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதற்கு மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. பட்டனால் என்ஜின் எண்ணோ எரிபொருளோ இருக்கையோ மாறுவதில்லை. இருந்தாலும் வயரிங்கில் கை வைத்ததை இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்து, பில்லையும் பத்திரமாக வைப்பது நல்லது. நாளை தீ விபத்து என்று போய் நின்றால் முதல் கேள்வி வயரிங்கைப் பற்றித்தான் வரும். வண்டி திருடு போனாலும் இரண்டு அசல் சாவியையும் கொண்டு வா என்று கேட்பது இன்சூரன்ஸ்காரர்களின் வழக்கம். சாவியைத் தூக்கி எறிந்தவர் எதைக் கொண்டு போய்க் கொடுப்பார்?

அதே சட்டத்தின் 126-ஆவது பிரிவை நாம் இந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் படித்தோம். பொது இடத்தில் நிற்கும் வண்டியில் உரிமம் பெற்ற ஓட்டுநர் இருக்கையில் இருக்க வேண்டும்; இல்லையேல் என்ஜினை நிறுத்திப் பிரேக் போட்டு, அவர் இல்லாத நேரத்தில் வண்டி தவறுதலாக நகராதபடி செய்திருக்க வேண்டும். நாம் செய்து வைத்ததோ ஏழு வயதுப் பையன் ஒரு விரலால் நகர்த்தும்படியான வண்டி. அன்று அந்த லோடுமேன் இரண்டு எட்டு நகராமல் இருந்திருந்தால், பையன் மீது குற்றம் சொல்ல முடியுமா? பொருத்தியவர் மீதும் முழுப் பழியையும் போட முடியாது. "நேராவே போட்டுடுங்க" என்று சொன்ன வாய் நம்முடையது.

கல்லாப் பெட்டிக்கு நாம் எல்லோரும் பூட்டுப் போடுகிறோம். நம்பிக்கையான ஆள் என்றாலும் சாவியைக் கொடுத்துவிட்டு வெளியே போவதில்லை. வாசலில் நிற்கும் வண்டியையும் அந்தக் கண்ணோடு பார்க்கும்படி வணிகப் பெருமக்களைக் கேட்டுக்கொள்கிறோம். ஏற்கெனவே பட்டன் போட்டிருப்பவர்கள் இன்று கடை அடைத்ததும் முதல் கேள்வியை மட்டுமாவது சோதித்துப் பாருங்கள். ஐந்து நிமிட வேலைதான்.